காலணியைக் கழற்றி வைத்த திருடன்

ஹெல்வி ரந்தலா என்னும் அம்மையார் காப்பியில் சர்க்கரை கலக்கமாட்டார். சர்க்கரைக் கட்டி ஒன்றை முன்பற்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, அதன் ஊடாகவே கறுப்புக் காப்பியை உறிஞ்சுவார். ஓவுலு நகரக் காவல் துறையின் துப்பறியும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அக்டோபரில் பகல் சுருங்கத் தொடங்கியதும், ஃபின்லாந்தின் முதியோராகிய எங்களுட் பலரையும் போலவே விமானமேறி, ஸ்பெயினின் ஃபுவெங்கிரோலாக் கடற்கரைக்கு வந்துவிடுவார். ஊரில் ஆற்றுப் பனி உடைந்தது என்னும் செய்தி கிடைத்த பின்னரே திரும்புவார். ஜனவரியிலும் விடியலில் கடலில் நீந்துவார். நடனத்திற்குச் செல்லமாட்டார். யாரிடமேனும் ஒரு கேள்வி கேட்டால், அதற்கு விடை வரும்வரை அடுத்ததைக் கேட்கமாட்டார். எத்தனை நேரமாயினும் வாய்மூடிக் காத்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமலேயே ஓவுலுவின் திருடர் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர் என்பர்.

அவருடைய உதவியாளரான வெய்க்கோ புல்க்கினென் இதற்கு நேர்மாறானவர். குவோப்பியோ நகரில் வாடகைக்கார் ஓட்டியவர். ஃபின்லாந்தின் சாவோ வட்டாரத்துப் பிறவி. சாவோக்காரர் பேசினால் அதற்குப் பொறுப்பு கேட்டவரைச் சேர்ந்தது என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்தார். "நான் படியேறி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வசந்தம் வந்துடுது, அதனால எனக்குக் குளிர்காலம்னு ஒண்ணே கிடையாது" என்று தம் முழங்கால் நோவையும் வேடிக்கையாக்குவார். கடந்த சில குளிர்காலங்களில் காணாமற்போன கிளி ஒன்றையும், நடன மண்டபத்தில் களவுபோன அக்கார்டியன் என்னும் இசைப்பெட்டி ஒன்றையும் இவ்விருவரும் சேர்ந்து கண்டெடுத்திருந்தனர். ஸ்பானியக் காவலர் புன்னகையோடு கைவிட்ட வழக்குகள் அவை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர்கள் கையிலிருந்த வழக்கு அத்தகைய வேடிக்கை வழக்கன்று.

"மூணாவது தடவை, ஹெல்வி" என்றார் வெய்க்கோ, கடற்கரைச் சாலையில் நொண்டியபடி. "முதல்ல ரேடியோ. அப்புறம் காப்பிக் கூஜா. நேத்து ஆர்வோவோட கைக்கடிகாரம். நியூஸ் கேட்டுட்டு, காப்பி குடிச்சுட்டு, மணி பார்த்துட்டுக் கிளம்புறான். சந்தேகமே வேண்டாம், திருடன் ஓய்வூதியக்காரன்தான்."

ஹெல்வி சிரிக்கவில்லை. ஆர்வோ என்பவர் லெம்பி ஹைத்தினெனின் காலஞ்சென்ற கணவர். லெம்பி, கயானி ஊரிலிருந்து பத்தொன்பது குளிர்காலமாக இங்கே வருபவர். தரைத்தளத்தில் சிறிய சொந்த வீடு உடையவர். ஊர்க் குளிரில் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிவிடும். ஊசியைக்கூடப் பிடிக்க இயலாது. இங்கே வந்த மறுவாரமே பின்னல் ஊசிகள் அவர் கையில் ஓடத் தொடங்கிவிடும். அத்தகைய வீட்டை அவர் நாளை மறுநாள், புதன்கிழமையன்று, விற்றுக் கையெழுத்திடவிருந்தார்.

"நிச்சயமா வித்துடப்போறாளா?" என்று கேட்டார் ஹெல்வி.

"பொண்ணு பைவி ஆள் பார்த்துட்டாளாம். லெம்பி ராத்திரி கதவுக்கு நாற்காலியை முட்டுக்குடுத்து அதுலயே உக்காந்து தூங்குறா. எவ்வளவு நாள் தாங்குவா, சொல்லு? வாட்ச்மேன் ரமோனையும் வீட்டுக்காரங்க சங்கம் வெள்ளிக்கிழமையோட அனுப்புது. எல்லா வீட்டுக்கும் அவன்கிட்டதானே சாவி இருக்கு."

"லெம்பி வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியிலயும் இருக்கு. கோடை வீட்டுல வைக்கிற மாதிரி."

"போன தடவையே இடத்தை மாத்தச் சொன்னியே! மாத்திட்டா. இடது தொட்டியிலேர்ந்து வலது தொட்டிக்கு."

லெம்பியின் வீட்டு வெளித்தளம் குங்குமம் கொட்டியதுபோற் கிடந்தது. முந்தைய நாள் பிற்பகலில், ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தூசியைச் சுமந்துகொண்டு செம்மண் மழை பெய்திருந்தது. ஞாயிறு நடனத்திற்குப் போயிருந்த லெம்பி, திரும்பி வந்து கூக்குரலிட்டதும் அக்கம்பக்கத்தார் ஓடிவந்தனர். அவர்களுடைய அடிச்சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. கண்ணாடித் தள்ளுகதவுக்கு அப்பால் வீட்டின் வெள்ளைத் தரை பளபளத்தது.

"உள்ளே ஒரு பொட்டு மண் இல்லை" என்றார் ஹெல்வி.

"மழைக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருப்பான். நாகரிகமானவன்." வெய்க்கோ படியில் அமர்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கலானார். பிறர் வீட்டுக்குள் காலணியோடு நுழைவது எங்களுக்கு எச்சில் தட்டில் உண்பதற்கு ஒப்பாகும்.

ஹெல்வி கதவருகே குனிந்தார். தாழ்வாரக் கூரைக்கடியில், மழை நேரே விழாத இடத்திலும் காற்று செந்தூசியை வாரி இறைத்திருந்தது. சுவரோரமாக மட்டும் இரண்டு இடங்கள், தூசி படியாமல் வெண்மையாக, அருகருகே, பிசகாமல் ஒழுங்காக அமைந்திருந்தன. அவை நீளவாட்டில் இருந்தன. ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் காணப்பட்டன.

"வெய்க்கோ, இது என்ன?"

வெய்க்கோ எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு படகு நின்ன மாதிரி இருக்கு."

"ஷூ நின்ன இடம். செம்மழை பெய்யும்போது ஒரு ஜோடி ஷூ இங்கே நின்னிருக்கு. அதைச் சுத்தி மண் விழுந்திருக்கு. மழை விட்டப்புறம் ஷூவை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்." ஹெல்வி நிமிர்ந்தார். "திருட வந்தவன் வாசல்ல செருப்பைக் கழட்டி, ஜோடி சேர்த்து, ஓரமா வெச்சுட்டு உள்ளே போயிருக்கான். ஸ்பெயின்காரன் எவனாவது இப்படிச் செய்வானா?"

"ஸ்பெயின்காரன் ஷூவோடயே பொறந்து ஷூவோடயே சாகிறான்."

"அப்ப ரமோன் இல்லை. இது நம்ம ஆள்."

அவர் மேலும் ஒன்றைக் கண்டார். கண்ணாடிக் கதவு ஓடும் அலுமினியப் பள்ளத்தின் விளிம்பு ஓரிடத்தில் பிளந்து கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஓர் இழை சிக்கியிருந்தது. சுருள் சுருளாய் நெளிந்த கம்பளி இழை, மஞ்சள் நிறம்.

நாங்கள் அனைவரும் அறிந்த கம்பளி அது. கிறிஸ்துமஸ் தோறும் லெம்பி தம் நெருங்கிய தோழமைக்குச் சாம்பல் நிறக் காலுறைகளைப் பின்னித் தருவார். வீட்டு வாசல்களிலும் நீராவிக் குளியலறைகளிலும் ஒருவருடையது மற்றவருடையதோடு மாறிப்போகாதிருக்கும் பொருட்டு, விரல் முனையில் ஆளுக்கொரு நிறம் வைப்பார். ஹெல்விக்குச் சிவப்பு, வெய்க்கோவுக்குப் பச்சை, முன்னாள் தபால்காரி சிர்க்காவுக்கு மஞ்சள்.

"மஞ்சள்" என்றார் வெய்க்கோ மெல்ல. "சிர்க்கா. அவ கால் சைஸும் பொருந்துது. தபால் கொண்டு போன காலத்துல பனிச்சறுக்கு மட்டை இல்லாமலே பனிமேல நடந்தவளாச்சே."

"சும்மா இரு."

அப்பொழுது கதவு திறந்தது. லெம்பி நின்றார். குட்டையான உருவம், அழுது வீங்கிய முகம். ஹெல்வி அந்த இழையைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். தாம் பின்னிய காலுறையை அணிந்துகொண்டே ஒருவர் தம்மைக் கொள்ளையிட வந்தார் என்பதை இந்தக் கிழவி எவ்வாறு தாங்குவாள் என்னும் இரக்கமே அதற்குக் காரணம்.

"வாங்க, உள்ளே வாங்க. காப்பி கொதிச்சுட்டு இருக்கு" என்றார் லெம்பி. "கூஜாதான் இல்ல. பாத்திரத்துல போட்டிருக்கேன், எங்கம்மா போட்ட மாதிரி."

ஹெல்வி காலணியைக் கழற்றி உள்ளே சென்றார். வெய்க்கோ, அவிழ்த்த நாடாவை மீண்டும் முடிந்துகொண்டிருந்தார்.

"நான் இங்கேயே காத்து வாங்குறேன், லெம்பி. குனிஞ்சா முழங்கால் உசிரை எடுக்குது."

"ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கேன்டா!"

"வயசாச்சுன்னா ஒழுக்கமும் வந்துடுது. வேண்டாம்."

உள்ளே லெம்பி காப்பியை ஊற்றினார்; பாதி தட்டில் சிந்தியது.

"கடிகாரம் போனதுகூடப் பரவாயில்லை, ஹெல்வி. ஆர்வோ செத்ததுலேர்ந்து அது ஓடவேயில்லை. தலையணையைத் தூக்கித் தரையில போட்டிருந்தான் பாரு, அதுதான் தாங்கல. நான் தலை வெக்கிற இடம். என்னை 'போ, போ'ன்னு துரத்துற மாதிரி இருக்கு."

"உனக்குப் போக விருப்பமா?"

ஹெல்வி சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி காத்திருந்தார்.

"இல்லை" என்றார் லெம்பி கடைசியில். "கயானியில மூணு மாசம் ஜன்னலுக்கு வெளியே கறுப்புத்தான். பைவி நல்ல பொண்ணு. ஆனா அவ வீட்டுல நான் சும்மா உக்காந்திருப்பேன், கையைப் பார்த்துக்கிட்டு. இங்கே இருந்தா நான் மனுஷி. இருந்தாலும் பயத்தோட எப்படி இருக்கிறது?"

கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ரமோனின் சிறிய அறை இருந்தது. ரமோன் மெலிந்த, குள்ளமான மனிதர்; பெரிய ரப்பர்ப் பூட்ஸுகளுக்குள் அவருடைய கால்கள் லொடலொடவென்று ஆடின.

"நானும் போலீஸ்கிட்ட சொன்னேன்ம்மா" என்றார். "அந்த அம்மா வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ண ஒவ்வொரு தடவை போகும்போதும் 'பூட்ஸைக் கழட்டு, பூட்ஸைக் கழட்டு'ன்னு கத்துவாங்க. நான் கழட்டவே மாட்டேன். என் சாக்ஸ் ஓட்டையை யாருக்குக் காட்டுறது? திருடணும்னு போனா மட்டும் கழட்டுவேனா?"

"நியாயம்" என்றார் ஹெல்வி.

"நியாயம் எல்லாருக்கும் தெரியுது. ஆனா வெள்ளிக்கிழமை நான் வெளியே. இந்த வயசுல யார் எனக்கு வேலை குடுப்பா?" ரமோன் சிறு கோப்பைகளில் காப்பி ஊற்றினார். வெய்க்கோ ஒன்றைக் குடித்தார். இரண்டாவதையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இது காப்பி இல்ல ரமோன், தார். ரோடு போட்டுட்டு மிச்சத்தை எனக்குக் குடுக்கிற."

"பிடிக்கலேன்னா ஏன் ரெண்டு கப்?"

"உன் ரோட்டுமேல அவ்வளவு அக்கறை."

வெளியே வந்ததும் வெய்க்கோ ஹெல்வியின் கையைப் பற்றினார். "சிர்க்காகிட்ட இன்னைக்கே போகணுமா? இன்னொரு நாள் வெச்சுக்கலாமே. அவளும் பாவம். லெம்பி வீட்டை வித்துட்டுப் போனா எல்லாம் தானா அடங்கிடும். சிநேகிதிங்களுக்குள்ள இதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"ரமோன்?"

ஹெல்வி காத்திருந்தார். வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவரிடம் அன்று அதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

சிர்க்கா, அடுத்த தெருவில் இரண்டாம் மாடியில் இருந்தார். வடக்கே பனிக்காட்டில் நாற்பதாண்டு தபால் சுமந்த நெடிய பெண்மணி, குரலும் அதற்கேற்றதே. கதவைத் திறந்ததும், "ரெண்டு பேருமா! வாங்க, காப்பி போடறேன்" என்றார்.

"நான் படியிலயே உக்காந்துக்கறேன்" என்றார் வெய்க்கோ. "முழங்கால்."

"நல்லா இருக்கே. இந்த மாடி ஏற முழங்கால் இருக்கு, ஷூ கழட்ட முழங்கால் இல்லையா?" சிர்க்கா தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

ஹெல்வி அமர்ந்தார். உள்ளங்கையைத் திறந்து மேசைமேல் அந்த மஞ்சள் இழையை வைத்தார். எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சிர்க்கா அதைப் பார்த்தார்; பிறகு ஹெல்வியைப் பார்த்தார். அந்த அகன்ற முகத்தில் முதலில் புரியாமையும், பின்பு புரிந்த நோவும் தோன்றின.

"என்னையா?" என்றார். "நீ என்னைத் தேடியா வந்தே? காப்பி குடிக்க வந்தேன்னு நெனச்சேனே."

எழுந்து சென்று, துணிக்கொடியிலிருந்து தம் காலுறைகளைப் பிடுங்கி வந்து மேசைமேல் எறிந்தார். "பாரு. திருப்பிப் பாரு. உள்ளேயும் பாரு. ஒரு இழை அறுந்திருந்தா என்னை ஜெயில்ல போடு."

ஹெல்வி பார்த்தார். விரல் முனையின் மஞ்சள் முழுமையாயிருந்தது. ஓர் இழையும் அறுபடவில்லை.

"நேத்து மழை பெய்யும்போது நான் மண்டபத்துல இருந்தேன்" என்று தொடர்ந்தார் சிர்க்கா. "பெண்கள் ஆடக் கூப்பிடுற முறை. தகரக் கூரையில மழை, அக்கார்டியன் சத்தமே கேக்கல. வெய்க்கோவைக் கூப்பிடலாம்னு தேடினேன், ஆளையே காணோம். கடைசியில போரி ஊர்க் கிழவனோட ஆடினேன். அவனுக்குக் காதே கேக்காது, மழை பெஞ்சா என்ன. நூறு பேர் பார்த்தாங்க. போய்க் கேளு."

"சிர்க்கா, மன்னிச்சுடு."

"அப்புறம் இந்த நூல். எனக்குப் பின்னினதுல மிச்சம் ஒரு உருண்டை இருந்தது. அதை லெம்பி என்ன பண்ணினா தெரியுமா? போன வாரம் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், வெய்க்கோ சாக்ஸ்ல குதிகால் ஓட்டை. பச்சை தீர்ந்துபோச்சு. 'ஷூவுக்குள்ள இருக்கிற குதிகாலை எவ பார்க்கப்போறா'ன்னு சிரிச்சுக்கிட்டே மஞ்சளை வெச்சு அடைச்சுக் குடுத்தா…"

சிர்க்கா பேச்சை நிறுத்தினார்.

அடுக்களையில் காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் எழவில்லை.

லெம்பியின் வாசலில் இழை தென்பட்ட அந்தக் கணத்தில், அவிழ்த்த நாடாவை ஒருவர் மீண்டும் முடிந்ததை ஹெல்வியின் கண்கள் கண்டிருந்தன. கண்டும், அறிவு அதை ஏற்கவில்லை. லெம்பி வீட்டில் காப்பி வேண்டாம். ஏலக்காய் ரொட்டியும் வேண்டாம். இங்கேயும் வேண்டாம். காலணியோடு நிற்கலாம் என்றிருந்த ரமோனின் அறையில் மட்டும் தாரைப் போன்ற காப்பி இரண்டு கோப்பை. காப்பியை மறுக்கும் ஃபின்லாந்துக்காரரை ஹெல்வி தம் வாழ்நாளில் கண்டதில்லை. அந்த அதிசயம் காலை முதல் அவரோடு கைகோத்து நடந்துகொண்டிருந்தது.

அவர் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு வெளியே வந்தார். வெய்க்கோ முதல் படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சிர்க்கா ஒத்துக்கிட்டாளா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஷூவைக் கழட்டு, வெய்க்கோ."

"படியில உக்காந்துக்கிட்டு எதுக்கு? ஓவுலுவுல இதுதான் கல்யாணப் பேச்சா?"

ஹெல்வி அவருக்குப் பக்கத்துப் படியில் அமர்ந்தார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. ஹெல்வி அப்பொழுதும் பேசவில்லை.

வெய்க்கோ குனிந்தார். முழங்கால் நோவு மெய்யானதே, குனிகையில் முனகினார். இடக்கால் ஷூவை இழுத்தார். சாம்பல் நிறக் காலுறையின் குதிகாலில், நாணயம் அளவு மஞ்சள் ஒட்டு, ஓரத்தில் பிரிந்து நூல் தொங்கியது.

"எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் வெய்க்கோ. "ரேடியோ, கூஜா, கடிகாரம். ஒண்ணையும் தொடலை. கடிகாரத்தைத் துணியில சுத்தி வெச்சிருக்கேன்."

ஹெல்வி காத்திருந்தார்.

"பைவி கூப்பிட்டா. நவம்பர்ல. 'அம்மா தனியா விழுந்து கெடந்தா யார் பார்ப்பா, சொன்னா கேக்க மாட்டேங்கறா, கொஞ்சம் பயந்தா தானா வந்துடுவா'ன்னா. நானும் யோசிச்சேன், அதுலயும் நியாயம் இருக்கேன்னு. எண்பதை நெருங்குறா."

"வீட்டை வாங்குறது யாரு?"

வெய்க்கோ கழற்றிய ஷூவின் நாடாவை விரலில் சுற்றினார்.

"பைவியோட புருஷனுக்குத் தெரிஞ்சவன். அவன் இங்கே வந்து இருக்கப்போறதில்லை. வாடகைக்கு விடுவான்." வெய்க்கோ தம் முழங்காலைத் தடவினார். "எனக்கு."

"தரைத்தளம்."

"நாலு மாடி, ஹெல்வி. போன வருஷம் நிமோனியாக் காய்ச்சல்ல கெடந்தப்ப ரெண்டு வாரம் நான் கீழேயே இறங்கல."

"தெரியும். அந்த ரெண்டு வாரமும் நாலு மாடி ஏறி உனக்கு மீன் சூப்பு கொண்டு வந்தது லெம்பின்னும் தெரியும்."

வெய்க்கோவின் தலை தாழ்ந்தது. அவர் வாழ்வில் முதல் முறையாக, பேச்சின் பொறுப்பைக் கேட்பவரிடம் தள்ள வழியில்லாமற் போயிற்று.

"தலையணையை எதுக்குத் தூக்கிப் போட்டே?" என்று கேட்டார் ஹெல்வி.

"கடிகாரம் தலையணைக்கு அடியில இருந்தது. தேடும்போது விழுந்துச்சு. திரும்ப எடுத்து வைக்கலாம்னு பார்த்தேன். மழை விட்டுடுச்சு, யாராவது வந்துடுவாங்களோன்னு…" அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அதை மட்டும் நெனச்சாத்தான் மனசு கேக்கல."

"அதை மட்டுமா?" ஹெல்வி அவர் பக்கம் திரும்பினார். "ரமோனை மாட்டிவிட்டே. இன்னைக்குக் காலையில சிர்க்கா பேரை உன் வாயாலயே சொன்னே. நான் அதை நம்பி வந்து, அவ மேசை மேல அந்த நூலை வெச்சேன். அவ என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கல. லெம்பி போன் பண்ணினதும் நான் யாரைக் கூப்பிட்டேன், வெய்க்கோ? உன்னைத்தானே."

கதவுக்குள்ளிருந்து சிர்க்கா அழும் ஓசை கேட்டது.

"என் பேரைச் சொல்லிடு" என்றார் வெய்க்கோ. "எனக்கு வேணும். சாமானையெல்லாம் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன், காரித் துப்பட்டும். ரமோன்கிட்டயும் சங்கத்துகிட்டயும் சொல்றேன். ஆனா பைவி பேரை மட்டும் விட்டுடு, ஹெல்வி. நான் அவளுக்கு யாரோ ஒரு கிழவன். பைவி பெத்த பொண்ணு. லெம்பிக்கு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான். அதையும் புடுங்கிட்டு நீ என்ன நியாயம் பண்ணப்போறே?"

அவ்வேண்டுகோள் பொய்யன்று, அன்று வெய்க்கோவின் வாயிலிருந்து வந்தவற்றுள் அதுவே முழு மெய் எனலாம். திருடன் பெயரை மட்டும் சொன்னால், லெம்பி ஒரு நண்பனை இழப்பாள், மகள் எஞ்சுவாள். ஆனால் அந்த மகள் அடுத்த மாதம் வேறு வழியில் வருவாள். வேறொருவர் நாவால் அச்சமூட்டுவாள். இல்லையேல் தானே நேரில் வந்து, அன்பொழுகப் பேசிப் பேனாவைக் கையில் கொடுப்பாள். மகள் நல்லவள் என்று நம்பியே லெம்பி அதை வாங்கிக்கொள்வாள்.

ஹெல்வி தம் காலணிகளை மெல்ல அணிந்துகொண்டார். நாடாக்களை இறுக முடிந்தார். கைப்பிடியைப் பற்றி எழுந்தார்.

"எங்கே போறே?" என்றார் வெய்க்கோ.

"லெம்பி வீட்டுக்கு. கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு அவதான் முடிவு பண்ணணும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும். நான் ரெண்டு பேர் பேரையும் சொல்லப்போறேன், வெய்க்கோ. நீ கூட வர வேண்டாம்."